மாத்திரைக்கு இரையான இசைக்குயில்

1969-ம் ஆண்டு ஜூன் மாதம் 22-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை.

லண்டன் நகரில் ஒரு சிறிய வீடு. காலை நேரம்.

டெலிபோன் மணி அடித்தது. அந்தச் சத்தத்தில் கண் விழித்த கணவர், பக்கத்தில் மனைவி இல்லாததைக் கண்டார். குளியல் அறையின் கதவு உள்பக்கம் பூட்டி இருந்தது. கதவைத் தட்டினார். பதில் இல்லை. பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டார். அப்போதும் பதில் இல்லை.

அவருக்கு நெஞ்சு படபடத்தது. வெளியே போய்க் கூரை மேல் ஏறினார். குளியல் அறை சன்னல் வழியாக உள்ளே பார்த்தார்.

உட்கார்ந்த நிலையிலேயே தலை கவிழ்ந்து இருந்தார், மனைவி. உயிர் போய்ப் பல மணி நேரம் ஆகி இருந்தது.

இறந்தவர் சாதாரணப் பெண் அல்ல. உலகம் முழுவதும் கோடிக்கணக்கான மக்கள் பார்த்து மகிழ்ந்த சினிமா நட்சத்திரம். தம்முடைய குரலால் கேட்டவர்களை எல்லாம் உருக வைத்த பாடகி. அவர் பெயர் ஜூடி கார்லண்ட்.

47 வயது முடிந்து 12 நாட்கள்தான் ஆகி இருந்தன.

அவரை யாரும் கொலை செய்யவில்லை. அவர் தற்கொலை செய்துகொண்டார் என்பதற்கும் அடையாளம் இல்லை. அவர் உயிரைக் குடித்தது மருந்து. டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்து, கடையில் காசு கொடுத்து வாங்கும் தூக்க மாத்திரை!

நோயைத் தீர்க்க வேண்டிய மருந்து, உயிரைத் தீர்த்தது எப்படி? அது ஒரே இரவில் நடந்தது அல்ல. 30 ஆண்டுகளுக்கு மேல் நடந்த கதை.

கொட்டகைக்காரர் மகள்

அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் கிராண்ட் ராப்பிட்ஸ் என்று ஒரு சிற்றூர் உண்டு. குளிர் காலத்தில் ஊரே பனியால் மூடிக் கிடக்கும்.

அந்த ஊரில் பிராங்க் கம் என்பவர் சினிமாக் கொட்டகை நடத்தி வந்தார். அது பேசாப் படக் காலம். அவர் மனைவி எத்தல் பியானோ வாசிப்பார். படத்துக்கு நடுவே மேடையில் பாட்டும் ஆட்டமும் உண்டு. அவர்களுடைய இரண்டு பெண் குழந்தைகளும் மேடையில் பாடுவார்கள்.

1922-ம் ஆண்டு ஜூன் 10-ந் தேதி மூன்றாவது பெண் பிறந்தாள். பிரான்சஸ் என்று பெயர் வைத்தார்கள்.

அந்தக் குழந்தைக்கு இரண்டரை வயது. கிறிஸ்துமஸ் சமயம். அக்காமார் பாடுவதைப் பார்த்து, தானும் பாடவேண்டும் என்று அடம் பிடித்தாள். சரி என்று மேடையில் ஏற்றினார்கள். ஒரு கிறிஸ்துமஸ் பாட்டைப் பாடினாள். முடிந்ததும் மறுபடியும் அதையே பாடினாள். மீண்டும் பாடினாள். கைதட்டல் ஓயவில்லை. குழந்தையும் இறங்கவில்லை. கடைசியில் அவளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று!

கைதட்டல் என்றால் அவளுக்கு அன்று முதல் தேன்.

தாயின் ஆசை

1926-ம் ஆண்டில் அந்தக் குடும்பம் கலிபோர்னியா மாநிலத்துக்குக் குடியேறியது. அங்கேதான் சினிமா உலகின் தலைநகரான ஹாலிவுட் இருக்கிறது.

எத்தல் அம்மாளுக்கு ஒரே ஆசை. தம் பெண்கள் சினிமாவில் புகழ் பெறவேண்டும். அதற்காக அவர் ஓயாமல் உழைத்தார். காரில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு, ஊர் ஊராக மேடை தேடிப் போனார். மற்றக் குழந்தைகள் தூங்கும் நேரத்தில் அவர் குழந்தைகள் பாடிக்கொண்டு இருந்தார்கள்.

களைத்துப் போன குழந்தைகளுக்கு அந்தத் தாயே மாத்திரை கொடுத்தார் என்று பிற்காலத்தில் எழுதியவர்களும் உண்டு.

1934-ம் ஆண்டில் சகோதரிகள் தங்கள் குடும்பப் பெயரைக் கார்லண்ட் என்று மாற்றிக்கொண்டார்கள். கடைசிப் பெண் தன் பெயரை ஜூடி என்றும் மாற்றிக்கொண்டாள்.

1935-ம் ஆண்டு. ஜூடிக்கு 13 வயது. சிங்கச் சின்னம் கொண்ட எம்.ஜி.எம். கம்பெனியில் பாடிக் காட்டினாள். அந்தக் காலத்தில் ஹாலிவுட்டிலேயே பெரிய பட நிறுவனம் அதுதான். புதியவர்களைக் காமிரா முன் நிறுத்திச் சோதித்துப் பார்ப்பது வழக்கம். ஜூடிக்கு அந்தச் சோதனை கூட வைக்கவில்லை. குரலைக் கேட்டதும் ஒப்பந்தம் செய்துவிட்டார்கள்.

தந்தையின் மறைவு

ஒப்பந்தம் ஆகிச் சில வாரங்களே ஆகி இருந்தன. 1935 நவம்பர் மாதம். தந்தை பிராங்க் திடீர் என்று நோயில் விழுந்தார். மூளைக்காய்ச்சல்.

அன்று இரவு ஜூடி ரேடியோவில் பாட வேண்டும். ஆஸ்பத்திரியில் தந்தையின் படுக்கை அருகே ஒரு ரேடியோப் பெட்டி வைக்கப்பட்டது. அதைக் கேள்விப்பட்ட சிறுமி, தந்தை கேட்பார் என்று உயிரைக் கொடுத்துப் பாடினாள்.

மறுநாள் தந்தை இறந்துவிட்டார்.

குடும்பத்தில் அவளிடம் மிகவும் பாசமாக இருந்தவர் அவர்தான். இனி அவளுக்கு எல்லாம் தாயும் கம்பெனியும்தான். போதும் என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

சூப்பும் மாத்திரையும்

ஜூடி குள்ளமானவள். ஐந்து அடிக்கும் சிறிது குறைவான உயரம். வளரும் பருவம். நன்றாகப் பசிக்கும். நன்றாகச் சாப்பிடுவாள்.

கம்பெனிக்கு அது பிடிக்கவில்லை. நட்சத்திரம் ஒல்லியாக இருக்க வேண்டும் என்று பட முதலாளிகள் நினைத்தார்கள். ஸ்டூடியோச் சாப்பாட்டுக் கூடத்தில் ஜூடி என்ன கேட்டாலும் ஒரு கிண்ணம் கோழி சூப்தான் வரும். பால் சேர்க்காத காப்பி குடிக்கலாம். வயிறு நிறையச் சாப்பிடக்கூடாது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு புது மருந்து சந்தைக்கு வந்து இருந்தது. அதன் பெயர் ஆம்பெட்டமின். அதைச் சாப்பிட்டால் பசி எடுக்காது. தூக்கம் வராது. சோர்வு தெரியாது. டாக்டர்களே அதை உடல் இளைப்பதற்குக் கொடுத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் கண் விழிப்பதற்காகப் போர்வீரர்களுக்கும் கொடுத்தார்கள். அதன் தீமை அப்போது பலருக்குத் தெரியாது.

ஜூடிக்கும் அந்த ஊக்க மாத்திரை கிடைத்தது. பசி நின்றது. உடல் இளைத்தது. முதலாளிகள் மகிழ்ந்தார்கள்.

ஆனால், இரவு வந்தது. தூக்கம் வரவில்லை!

அதற்கும் ஒரு மாத்திரை இருந்தது. பார்பிட்டுரேட் என்ற தூக்க மருந்து. 1903-ம் ஆண்டு முதலே உலகில் இந்த வகை மருந்து பழக்கத்தில் இருந்தது. அதைச் சாப்பிட்டதும் தூங்கிவிட்டாள்.

காலையில் எழுந்தால் தலை கனத்தது. கண் சொருகியது. படப்பிடிப்புக்குப் போக முடியவில்லை. அதற்கு மறுபடியும் ஊக்க மாத்திரை!

எழுவதற்கு ஒரு மாத்திரை. தூங்குவதற்கு ஒரு மாத்திரை. செக்குமாடு போல இந்த வட்டத்துக்குள் அந்தச் சிறுமி சுற்றத் தொடங்கினாள்.

ஜூடி பிற்காலத்தில் இதை வெளிப்படையாகவே சொன்னார். கம்பெனியே மாத்திரை கொடுத்து வேலை வாங்கியது, ஸ்டூடியோ ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் தூங்க வைத்து, மறுபடி எழுப்பி மாத்திரை கொடுத்து நடிக்க அனுப்பியது என்பது அவருடைய குற்றச்சாட்டு. அவருடன் பல படங்களில் நடித்த மிக்கி ரூனி இதை மறுத்தார். கம்பெனி அப்படிச் செய்யவில்லை என்பது அவர் கட்சி.

யார் கொடுத்தார்கள் என்பதில் சண்டை உண்டு. சிறுமி சாப்பிட்டாள் என்பதில் சண்டை இல்லை.

வானவில் பாட்டு

1939-ம் ஆண்டு "ஓஸ் மந்திரவாதி" என்ற படம் வெளிவந்தது. பண்ணை வீட்டுச் சிறுமி ஒருத்தியைச் சூறாவளி தூக்கிக்கொண்டு போய் ஒரு மாய உலகத்தில் போட்டுவிடுகிறது. அவள் எப்படி வீடு திரும்புகிறாள் என்பது கதை. அந்தச் சிறுமியாக நடித்தவள், ஜூடி. படம் எடுக்கும்போது 16 வயது.

வானவில்லுக்கு அப்பால் துன்பமே இல்லாத நாடு ஒன்று இருக்கிறது என்று ஏங்கி அவள் ஒரு பாட்டுப் பாடுவாள். படம் மெதுவாகப் போகிறது என்று சொல்லி, கம்பெனியார் அந்தப் பாட்டை வெட்டிவிடப் பார்த்தார்கள். நல்ல வேளையாக அது தப்பியது. அந்தப் பாட்டுக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. சிறந்த இளம் நட்சத்திரம் என்று ஜூடிக்கும் ஒரு தனி ஆஸ்கார் பரிசு கொடுத்தார்கள்.

உலகமே அந்தப் பாட்டைப் பாடியது. அந்தச் சிறுமி வாழும் வீட்டில் எந்தக் குறையும் இருக்காது என்று ரசிகர்கள் நினைத்தார்கள். அவள் தலையணைக்குப் பக்கத்தில் மாத்திரைப் புட்டி இருந்தது அவர்களுக்குத் தெரியாது.

உடைந்த உடல்

ஜூடி பெரிய நட்சத்திரம் ஆகிவிட்டார். ஒரு படம் முடியும் முன்பே அடுத்த படம். 1941-ம் ஆண்டு ஓர் இசை அமைப்பாளரை மணந்தார். அந்த மணம் நிலைக்கவில்லை. 1945-ம் ஆண்டு பட டைரக்டரான வின்சென்ட் மினெல்லியை மணந்தார் என்று பத்திரிகைகள் பெரிய எழுத்தில் போட்டன. 1946-ம் ஆண்டு பெண் குழந்தை பிறந்தது. லிசா மினெல்லி என்று பின்னாளில் புகழ் பெற்ற நடிகை அந்தக் குழந்தைதான்.

வெளியே பார்த்தால் பூரண வாழ்வு. உள்ளே உடல் உடைந்துகொண்டு இருந்தது.

பழைய அளவு மாத்திரைக்குத் தூக்கம் வரவில்லை. ஒன்று இரண்டாயிற்று. இரண்டு மூன்றாயிற்று. படப்பிடிப்புக்கு நேரத்துக்கு வர முடியவில்லை. சில நாள் வரவே இல்லை. காரணம் இல்லாமல் அழுதார். காரணம் இல்லாமல் பயந்தார். 1947-ம் ஆண்டு ஒரு படத்தின் நடுவே மனம் குழம்பி, மருத்துவ விடுதியில் சேர்க்கப்பட்டார்.

1948, 1949-ம் ஆண்டுகளில் இரண்டு பெரிய படங்களிலிருந்து அவரை நீக்கிவிட்டு, வேறு நடிகைகளைப் போட்டார்கள். சோம்பேறி என்று சிலர் பேசினார்கள். திமிர் பிடித்தவர் என்று சிலர் பேசினார்கள். நோயாளி என்று சிலரே சொன்னார்கள்.

போஸ்டன் ஆஸ்பத்திரி

1949-ம் ஆண்டு நடுவில் ஜூடியை போஸ்டன் நகரில் உள்ள ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அவர் வாழ்வில் மிக முக்கியமான நாட்கள் அவை.

டாக்டர்கள் அவரைச் சோதித்தார்கள். கோடீசுவரர்கள் விருந்துக்கு அழைக்கும் நட்சத்திரம், சரியான சாப்பாடு இல்லாமல் வாடிப் போய் இருந்தார்!

டாக்டர்கள் சொன்ன வைத்தியம் மிக எளிது. மூன்று வேளைச் சாப்பாடு. இரவில் குறித்த நேரத்தில் விளக்கை அணைப்பது. மாத்திரைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது.

முதலில் சில நாட்கள் நரக வேதனை. தூக்கம் வராமல் துடித்தார். நாள் செல்லச் செல்ல உடல் தேறியது. பசி எடுத்தது. மாத்திரை இல்லாமலே தூக்கம் வந்தது. கன்னத்தில் சதை பிடித்தது.

பக்கத்திலேயே குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. ஜூடி தினமும் அங்கே போனார். நோயுற்ற குழந்தைகளின் படுக்கை அருகே உட்கார்ந்து பேசினார்.

அங்கே ஒரு சிறுமி இருந்தாள். வீட்டில் மிகவும் கொடுமைப்படுத்தப்பட்ட குழந்தை. யாரிடமும் வாய் திறந்து பேசியதே இல்லை. ஜூடி அவள் பக்கத்தில் உட்கார்ந்து தினமும் ஏதாவது சொல்லிக்கொண்டு இருப்பார். குழந்தை பார்த்துக்கொண்டே இருக்கும். பேசாது.

ஜூடி விடை பெறும் நாள் வந்தது. ஒவ்வொரு குழந்தையாக முத்தமிட்டுக்கொண்டு வந்தார். அந்தச் சிறுமியின் கட்டில் அருகே வந்தபோது, அவள் திடீர் என்று ஜூடியின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். அவரைக் கட்டிக்கொண்டு பேசத் தொடங்கினாள். பேசிக்கொண்டே இருந்தாள். தான் ஏற வேண்டிய ரெயில் போனால் போகட்டும் என்று ஜூடி அவளுடன் உட்கார்ந்துவிட்டார்.

தம் வாழ்வில் மிகப் பெரிய கைதட்டல் அந்தக் குழந்தையின் குரல்தான் என்பது போல, இந்த நிகழ்ச்சியை ஜூடி பிற்காலத்தில் பலரிடம் சொல்லி மகிழ்வது உண்டு.

மாத்திரையை விட முடியும். மறுபடி மனிதராக வாழ முடியும் என்பதற்கு அந்த மூன்று மாதங்களே சாட்சி.

மறுபடியும் பழைய வட்டம்

ஆனால், ஓய்வு போதவில்லை. இன்னும் பல மாதங்கள் வேலை இல்லாமல் இருந்து இருக்க வேண்டும். கம்பெனியில் அடுத்த படம் காத்துக்கொண்டு இருந்தது.

ஜூடி திரும்பி வந்தார். முகத்தில் களை இருந்தது. உடம்பில் சதை இருந்தது. கம்பெனிக்காரர்கள் கண்ணுக்கு அந்தச் சதைதான் தெரிந்தது. இளைக்க வேண்டும் என்றார்கள்.

இளைப்பதற்கு வழி? பழைய மாத்திரைதான்!

1950-ம் ஆண்டு வெளிவந்த அந்தப் படத்தை இன்றும் பார்க்கலாம். படம் முழுவதும் ஜூடி பூசினாற்போல் இருப்பார். கடைசியில் ஒரு பாட்டு. அதை மட்டும் சில வாரங்கள் கழித்து எடுத்தார்கள். அதில் மெலிந்த இன்னொரு ஜூடி ஆடுவார். ரசிகர்கள் அந்தப் பாட்டைக் கொண்டாடினார்கள். போஸ்டன் டாக்டர்கள் ஏற்றிய சதை எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

அதே ஆண்டு ஜூடி மறுபடியும் நோயில் விழுந்தார். படத்துக்கு வராததால் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார். மனம் உடைந்து தம்மையே காயப்படுத்திக்கொண்டார். செப்டம்பரில் ஒப்பந்தம் ரத்தாயிற்று.

13 வயதில் உள்ளே போனவர், 28 வயதில் வெளியே வந்தார். மாத்திரைப் பழக்கம் மட்டும் அவருடனேயே வந்தது.

விழுந்து விழுந்து எழுந்தவர்

வேறு யாராவது என்றால் அத்துடன் மூலையில் முடங்கி இருப்பார்கள். ஜூடி அப்படி அல்ல.

1951-ம் ஆண்டு லண்டன் பல்லேடியம் மேடையில் ஏறிப் பாடினார். கூட்டம் எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. பிறகு நியூயார்க்கில் பேலஸ் தியேட்டரில் 19 வாரங்கள் தொடர்ந்து பாடினார். 1952-ம் ஆண்டு மூன்றாவது மணம். ஒரு பெண்ணும் ஒரு பையனும் பிறந்தார்கள். 1954-ம் ஆண்டு "ஒரு நட்சத்திரம் பிறக்கிறது" என்ற படத்தில் நடித்துப் பெரும் புகழ் பெற்றார்.

ஒவ்வொரு முறை எழுந்தபோதும் அவரை எழுப்பியது ஊக்க மாத்திரை. ஒவ்வொரு முறை படுத்தபோதும் படுக்க வைத்தது தூக்க மாத்திரை. மதுவும் கூடச் சேர்ந்துகொண்டது.

அந்த உடம்பு எத்தனை நாள் தாங்கும்?

1959 நவம்பரில் நியூயார்க்கில் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். கல்லீரல் வீங்கி இருந்தது. உடம்பில் நீர் கோர்த்து இருந்தது. டாக்டர்கள் அந்த நீரை எடுத்தார்கள். இனிப் பாட முடியாது, வாழ்நாள் முழுவதும் பாதி நோயாளியாகவே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

டாக்டர்கள் சொன்னதை அவர் பொய்யாக்கினார். 1961-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி நியூயார்க் கார்னிகி மண்டபத்தில் பாடினார். 3,000 பேருக்கு மேல் கூடி இருந்தார்கள். ஆட்டம் இல்லை, அலங்காரம் இல்லை. ஒரு பெண், ஒரு குரல். அந்தக் கச்சேரி இசைத்தட்டாக வந்து, அந்த ஆண்டின் சிறந்த இசைத்தட்டு என்று கிராமி பரிசு பெற்றது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் ஜூடிதான்.

அணையப் போகும் விளக்கு

பிறகு இறங்கு முகம். 1963-ம் ஆண்டு டெலிவிஷனில் தொடங்கிய நிகழ்ச்சி, 26 வாரங்களுடன் நின்றுபோயிற்று. வருமான வரிப் பாக்கி கழுத்தை நெரித்தது. வீடு கையை விட்டுப் போயிற்று. கடனுக்காகப் பாட வேண்டி வந்தது. பாடுவதற்காக மாத்திரை சாப்பிட வேண்டி வந்தது.

1964-ம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரில் கச்சேரி. ஜூடி ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். கால் தள்ளாடியது. பாட்டு மறந்தது. கூட்டம் கூச்சல் போட்டது. பாதியிலேயே மேடையை விட்டு இறங்கிவிட்டார்.

1969-ம் ஆண்டு தொடக்கத்தில் லண்டனில் ஓர் இரவு விடுதியில் பாடினார். ஒரு நாள் வெகுநேரம் தாமதமாக வந்தபோது, கூட்டத்தில் இருந்தவர்கள் ரொட்டித் துண்டுகளை அவர் மேல் எறிந்தார்கள்.

இரண்டரை வயதில் கைதட்டலுக்காக மேடையை விட்டு இறங்க மறுத்த குழந்தை!

அந்த ஆண்டு மார்ச்சு மாதம் ஐந்தாவது முறையாக மணம் செய்துகொண்டார். மார்ச்சு 25-ந் தேதி டென்மார்க் நாட்டில் கோபன்ஹேகன் நகரில் பாடினார். அதுவே கடைசிக் கச்சேரி. மூன்று மாதத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

மரண விசாரணை

ஜூடியின் மரணம் பற்றி லண்டனில் விசாரணை நடந்தது. இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தபோது தூக்க மருந்து அளவுக்கு மேல் இருந்தது தெரிந்தது.

அவர் ஒரே மூச்சாக மாத்திரைகளை விழுங்கி இருக்கவில்லை. சிறிது சிறிதாக, இடைவெளி விட்டு விட்டுச் சாப்பிட்டு இருந்தார். வேண்டும் என்றே உயிரை விட்டதற்கு அடையாளம் இல்லை என்று விசாரணை அதிகாரி கவின் தர்ஸ்டன் முடிவு செய்தார். எச்சரிக்கை இல்லாமல் மருந்தை அதிகமாகச் சாப்பிட்டதால் நேர்ந்த விபத்து என்பது தீர்ப்பு.

30 ஆண்டுகளாகச் சாப்பிட்டுப் பழகியவர், அன்று மட்டும் இறந்தது ஏன்?

இந்த இடத்தில்தான் தூக்க மருந்தின் சூது இருக்கிறது.

தூக்க மருந்தைத் தொடர்ந்து சாப்பிட்டால், உடம்பு அதற்குப் பழகிப் போகும். தூக்கம் வருவதற்கு மேலும் மேலும் மருந்து தேவைப்படும். ஆனால், மூச்சை நிறுத்தும் அளவு அதே வேகத்தில் ஏறுவது இல்லை. தூக்கத்துக்கும் சாவுக்கும் நடுவே முதலில் அகலமான வெளி இருக்கும். நாளாக ஆக அந்த வெளி குறுகிக்கொண்டே வரும். கடைசியில் வரப்பு போல் ஆகிவிடும். அதன் மேல் நடப்பவர் ஒரு நாள் கால் இடறினால் போதும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. மாத்திரை சாப்பிட்டவருக்கு நினைவு மங்கும். பாதித் தூக்கத்தில் எழுந்து, சாப்பிட்டதை மறந்து, மறுபடியும் சாப்பிடுவார். மதுவும் சேர்ந்தால் இரண்டும் கூட்டுச் சேர்ந்து மூச்சை அடக்கும்.

ஊக்க மாத்திரையின் கதை வேறு. அது சோர்வைப் போக்குவது இல்லை. சோர்வை மறைக்கிறது. விளக்குக்கு எண்ணெய் ஊற்றாமல் திரியை மட்டும் தூண்டிவிடுவது போன்றது அது. வெளிச்சம் பெரிதாகத் தெரியும். எண்ணெய் சீக்கிரம் தீரும்.

இறுதி ஊர்வலம்

ஜூடியின் உடல் நியூயார்க்குக்குக் கொண்டுவரப்பட்டது. 20,000 பேருக்கு மேல் வரிசையில் நின்று பார்த்தார்கள். கொளுத்தும் கோடை. இரவெல்லாம் கூட்டம் குறையவில்லை.

நியூயார்க் அருகே அடக்கம் செய்யப்பட்டார். 2017-ம் ஆண்டு பிள்ளைகள் விரும்பியபடி, உடல் ஹாலிவுட் கல்லறைக்கு மாற்றப்பட்டது.

அவர் இறந்த அடுத்த ஆண்டு, 1970-ல், அமெரிக்காவில் புதிய சட்டம் வந்தது. ஊக்க மாத்திரைக்கும் தூக்க மாத்திரைக்கும் கட்டுப்பாடு கடுமையாயிற்று. பார்பிட்டுரேட் தூக்க மாத்திரைகள் மெல்ல மெல்ல மறைந்தன. அந்த வகையில் சில, வலிப்பு நோய் போன்றவற்றுக்கு இன்றும் டாக்டர் மேற்பார்வையில் பயன்படுகின்றன. தூக்கத்துக்கு வேறு புது மாத்திரைகள் வந்துவிட்டன. அவை பழையவற்றைவிட ஆபத்துக் குறைந்தவை. ஆனால், அவற்றிலும் பல, பழக்கப்படுத்தும் குணம் உள்ளவை. மதுவுடனோ, கடுமையான வலி மருந்துகளுடனோ சேர்ந்தால் அவையும் மூச்சை நிறுத்தக் கூடியவை.

மருந்து எதிரி அல்ல. டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை சாப்பிடும் மருந்து உயிர் காக்கும். ஒருவருக்கு எழுதிய மருந்தை இன்னொருவர் சாப்பிடுவது, பழைய சீட்டைக் காட்டி மறுபடி மறுபடி வாங்குவது, தூக்கம் வரவில்லை என்று தாமே ஒன்றைக் கூட்டிக்கொள்வது — ஆபத்து இவற்றில்தான் இருக்கிறது. பழகிவிட்டவர்கள் திடீர் என்று நிறுத்துவதும் கூடாது. வலிப்பு வரலாம். டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

போஸ்டன் டாக்டர்கள் ஜூடிக்குச் செய்தது அதுதான். வயிறாரச் சாப்பாடு, விளக்கை அணைத்த இருட்டு, அவசரம் இல்லாத நாட்கள் — இவைதான் அவர்கள் கொடுத்த மருந்து. மூன்று மாதத்தில் அது பலித்தது.

அதை இன்னும் சில மாதங்கள் கொடுக்க யாருக்கும் பொறுமை இல்லை. அவருக்கும் இல்லை.

வானவில்லுக்கு அப்பால் உள்ள நாட்டைத் தேடிப் பாடிய அந்தக் குரல், இசைத்தட்டில் இன்றும் கேட்கிறது. அதைப் பாடியபோது அந்தச் சிறுமிக்குத் தேவைப்பட்டது மாய நாடு அல்ல. ஒரு வேளைச் சாப்பாடும், ஓர் இரவுத் தூக்கமும்தான்.